புரொஜெக்டரா, டிவியா, எல்இடி சுவரா? தனிநபர் வீடியோ கலைக்காட்சிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

கேலரியில் தேதி கிடைத்துவிட்டது. கையில் நான்கைந்து வீடியோ படைப்புகள் இருக்கின்றன. இத்தனை நாள் லேப்டாப்பில் பார்த்துப் பழகிய படங்களை இனி ஒரு கூடத்தில் நிறுத்த வேண்டும். முதல் தனிநபர் காட்சிக்குத் தயாராகும் கலைஞர்கள் இந்தக் கட்டத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பதா, பெரிய டிவிகளை வாங்கி மாட்டுவதா, கல்யாண மண்டபத்தில் வைக்கிற எல்இடி சுவரையே கொண்டுவந்து நிறுத்திவிடுவதா?

கடைக்காரரிடம் கேட்டால் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். நண்பர்களைக் கேட்டால் கடைசியாகப் பார்த்த காட்சியில் இருந்ததைச் சொல்வார்கள். என் கருத்து, கருவியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பது. எந்தக் கருவி சரி என்பதில் பாதியைக் கூடமே சொல்லிவிடும், மீதியைப் படைப்பு சொல்லும். அதனால் கேட்க வேண்டிய கேள்விகளை முதலில் வைத்துவிட்டு, மூன்றையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## முதலில் கேட்க வேண்டியவை

### எவ்வளவு இருட்டாக்க முடியும்?

இதுதான் முதல் கேள்வி. மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று புரிந்துவிடும்.

3 மீட்டர் அகலத்தில் 16:9 விகிதப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். 3000 லூமென் (புரொஜெக்டர் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) புரொஜெக்டர் அந்தப் பரப்பில் சுமார் 590 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) வெளிச்சத்தை விழவைக்கும். அதுதான் படத்தின் வெள்ளை. கறுப்பு எங்கிருந்து வரும்? புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே என்ன வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறதோ அதுதான் உங்கள் படத்தின் கறுப்பு.

டியூப்லைட் எரியும் கூடத்தில் சுவரின் மீது 300 லக்ஸ் இருந்தால், அது வெள்ளையோடும் சேர்ந்துகொள்ளும் (590 + 300). வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3:1தான். விளக்கை அணைத்து, ஜன்னலைத் துணியால் அரைகுறையாக மறைத்து 50 லக்ஸுக்கு இறக்கினால் 13:1. கதவிடுக்கு, வென்டிலேட்டர், ஏசி ஓட்டை எல்லாவற்றையும் அடைத்து 5 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 120:1. இப்போது மறுபடியும் அந்த 50 லக்ஸ் கூடத்துக்கே போய், செலவைக் கூட்டி 6000 லூமென் புரொஜெக்டர் வையுங்கள். 25:1ஐத் தாண்டாது. லூமெனை இரட்டிப்பாக்கக் கொடுக்கிற பணத்தைவிட, பிளைவுட்டுக்கும் கனத்த கறுப்புத் துணிக்கும் கொடுக்கிற பணம் பல மடங்கு வேலை செய்கிறது.

காசிமேட்டில் விடியலுக்கு முன்னால் எடுத்த ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். கறுத்த கடல், கறுத்த வானம், நடுவில் ஒரு படகின் விளக்கு மட்டும். 5 லக்ஸ் அறையில் கடலுக்கும் வானத்துக்கும் இடையே கோடு தெரியாது, அந்த விளக்கு அந்தரத்தில் ஆடும். 50 லக்ஸ் அறையில் அதே காட்சி சாம்பல் நிறச் செவ்வகமாகிவிடும். சட்டகத்தின் நான்கு ஓரங்களும் தெரியும், விளக்கு ஒரு வெளிறிய புள்ளியாக நிற்கும். எடுத்தவர் அந்த இருட்டுக்காக எத்தனை இரவு காத்திருந்தாரோ, அந்த உழைப்பு பார்வையாளருக்குப் போய்ச் சேரவே சேராது.

போனில் லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியமில்லை, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். படம் விழப்போகிற இடத்தில் போனை வைத்து, கேலரி திறந்திருக்கும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். மேற்குப் பக்கம் ஜன்னல் உள்ள கூடம் என்றால் மாலை 4 மணிக்குக் கட்டாயம் ஒருமுறை போக வேண்டும். காலையில் பார்த்துவிட்டு வந்த இருட்டு அப்போது இருக்காது.

### படத்துக்கு விளிம்பு வேண்டுமா, வேண்டாமா?

சில படைப்புகளில் திரை என்ற பொருளே படைப்பின் ஒரு பகுதி. கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் 1974இல் ஒரு புத்தர் சிலையை டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார். கேமரா சிலையை எடுக்க, சிலை தன்னையே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த டிவியை எடுத்துவிட்டு அதே உருவத்தைச் சுவரில் வீசினால் அங்கே சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. எதிர்முனையில் இந்திய ஓவியர் ரன்பீர் காலேகா இருக்கிறார். 1990களின் கடைசியில் தொடங்கி, வரைந்து முடித்த கேன்வாஸின் மேலேயே வீடியோவை வீசுகிறவர். வண்ணத்தின் மீது ஒளி படிய வேண்டுமென்றால் புரொஜெக்டரை விட்டால் வேறு வழி கிடையாது.

உங்கள் படைப்பைப் பற்றி இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்ப்பவர் இதை ஒரு பொருளாகப் பார்க்க வேண்டுமா, அல்லது இதற்குள் நிற்க வேண்டுமா? படத்தில் வரும் மனிதர் பார்வையாளரின் உயரத்தில் இருக்க வேண்டுமா, கையளவில் இருந்தால் போதுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் ஒன்று தானாகவே விலகிவிடும்.

### மற்றவை

ஒலி எங்கே போகும், பக்கத்துப் படைப்பைத் தொந்தரவு செய்யுமா என்று பார்க்க வேண்டும். தரையிலும் சுவரிலும் டைல்ஸும் சிமென்ட்டும் மட்டுமே இருக்கிற கூடத்தில் பேச்சு எதிரொலித்துக் குழம்பும். தினமும் காலையில் யார் எல்லாவற்றையும் ஆன் செய்வார் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் அது நீங்களாக இருக்க மாட்டீர்கள், கேலரியின் காவலாளியாகவோ உதவியாளராகவோ இருப்பார். ஒரு பட்டனுக்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. கடைசியாகப் பணம். கருவியின் வாடகையோடு மின்சாரம், ஆள்கூலி, காட்சி முடிந்ததும் சுவரைப் பழையபடி வெள்ளையடித்துக் கொடுப்பது வரை சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான தொகை தெரியும்.

## புரொஜெக்டர்

முழு இருட்டு கிடைக்கிற கூடத்தில் புரொஜெக்டருக்கு ஈடு இல்லை. படம் எந்த அளவிலும் இருக்கலாம், எதன் மீதும் விழலாம், ஓரங்கள் கரைந்துபோகும். இந்தியக் கலைஞர் நளினி மலானி 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமென்டா என்ற சர்வதேசக் கலைக்காட்சிக்குச் செய்த படைப்பில், பின்பக்கமாக வரைந்த ஒளிபுகும் உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றை ஊடுருவிய வீடியோவும் உருளைகளின் நிழலும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. இந்திய ஆவணப்பட இயக்குநர் அமர் கன்வர் 2007இல் எட்டுத் திரைகளில் ஒரே நேரத்தில் ஓடும்படி செய்த படைப்பில் பார்வையாளர் நடுவில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தானே முடிவெடுக்க வேண்டும். டிவிகளை வரிசையாக மாட்டினால் அந்த அனுபவம் வராது.

தேர்ந்தெடுக்கும்போது லூமெனுக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது த்ரோ விகிதம். படத்தின் அகலத்தை இந்த எண்ணால் பெருக்கினால் புரொஜெக்டர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று வரும். 1.5 என்றால் 3 மீட்டர் படத்துக்கு 4.5 மீட்டர் தூரம். அவ்வளவு தள்ளி வைத்தால் நடுவில் நடக்கிறவர்களின் நிழல் படத்தில் விழும். ஷார்ட் த்ரோ, அதாவது 0.5 விகிதம் உள்ளது, 1.5 மீட்டரிலேயே அதே படத்தைத் தரும். சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகைக்கு 75 சென்டிமீட்டர் அளவே போதும்.

இந்தக் கடைசி வகையைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். நிழல் விழாது, உத்தரத்தில் தொங்கவிட வேண்டாம். ஆனால் ஒளி சுவரை உரசிக்கொண்டு சாய்வாகப் போவதால், கொத்தனார் கரணை போட்ட ஒவ்வொரு மேடுபள்ளமும் படத்தில் அலையாகத் தெரியும். நேர்கோடுகள் நெளியும். கையால் பூசிய பழைய சுவரில் இதை நேரடியாகப் போடாதீர்கள். முன்னால் ஒரு ஜிப்சம் போர்டு சுவர் எழுப்பி மேட் எமல்ஷன் அடித்தால்தான் சரிவரும். அந்தச் செலவும் புரொஜெக்டர் கணக்கில் சேர வேண்டியது.

தொங்கவிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னையில் பழைய வீடுகளைக் கேலரியாக்கியிருக்கும் இடங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல், நல்ல உயரம். அதில் துளை போட உரிமையாளர் சம்மதிக்க மாட்டார், போடவும் கூடாது. நீளமான குழாயில் தொங்கவிட்டால் ஃபேன் காற்றுக்குப் படம் ஆடும். இரண்டு கால் ஊன்றி மேலே குறுக்குக் கம்பி போடும் அமைப்புதான் அங்கே பொருத்தம். மேஜை மேல் வைத்துவிட்டுக் கீஸ்டோன் என்ற டிஜிட்டல் திருத்தத்தை வைத்துப் படத்தை நேராக்குவது மலிவான வழி. ஆனால் கீஸ்டோன் படத்தைப் பிசைந்துதான் நேராக்குகிறது, மெல்லிய கோடுகளும் எழுத்துகளும் மங்கிவிடும். லென்ஸையே நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் லென்ஸ் ஷிஃப்ட் உள்ள புரொஜெக்டர் கிடைத்தால் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுங்கள்.

விளக்கா லேசரா என்று கேட்டால், லேசர்தான். பல்பு வகைகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வாடகைக்கு வருவது ஏற்கெனவே எத்தனை கூட்டம் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. மெனுவில் பல்பு ஓடிய மணி நேரம் காட்டும். வாங்கும்போதே அதைத் திறந்து பாருங்கள். லேசர் வகைகளில் பொதுவாக 20,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் 30 நாள் ஓடினாலும் 240 மணி நேரம்தான் ஆகும், அதனால் கவலையே வேண்டாம். மின்சாரம் போய்ச் சட்டென்று நின்றாலும் லேசர் சீக்கிரம் திரும்பி எரியும். பல்பு ஆறிய பிறகுதான் எரியும்.

இன்னொன்று. ஒற்றைச் சில்லில் (சிப்) படத்தை உருவாக்கும் டிஎல்பி வகைப் புரொஜெக்டரில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், சிலர் கண்ணைத் திருப்பும்போது வானவில் கீற்று தெரியும். பார்வையாளர்கள் போனில் எடுக்கும் வீடியோவிலும் நிறப்பட்டைகள் ஓடும். மூன்று எல்சிடி கொண்ட வகையில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் காட்சியைப் பற்றி வெளியே பரவப்போகிற படங்களில் பெரும்பகுதி போனில் எடுத்தவைதான் என்பதால், இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள்: இருட்டறை கட்டுவது, தீப்பிடிக்காத துணி, அறையின் மற்றச் சுவர்களுக்கு அடர் சாம்பல் வண்ணம் (வெள்ளைச் சுவர்கள் படத்தின் ஒளியையே திருப்பி எறிந்து கறுப்பைக் கெடுக்கும்), யூபிஎஸ், கண்கூசாத வழிகாட்டி விளக்கு. இருட்டில் படியோ மேடையோ இருந்தால் அதன் ஓரத்தில் ஒளிரும் பட்டை ஒட்டுவது உங்கள் பொறுப்பு. வெளியேறும் வழியின் பலகை எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். படத்தைக் கெடுக்கிறது என்று யாரும் அதை மூடிவிடக் கூடாது.

புரொஜெக்டரை எடுக்க வேண்டியவர்: கூடத்தை நிஜமாகவே இருட்டாக்க முடிந்தவர், ஆளுயரத்துக்கு மேல் படம் தேவைப்படுகிறவர், தட்டையான திரையல்லாத பரப்பில் வீசுகிறவர்.

## டிவித் திரை

டிவியைப் பலர் இரண்டாம்பட்சமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேருக்கு நேர் பேசும் முகம், கைவேலை, பழைய குடும்ப வீடியோக்கள், எழுத்து அதிகமுள்ள படைப்பு, இவையெல்லாம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டியவை. 55 அங்குல டிவி என்பது ஏறக்குறைய 122 செமீ அகலம், 68 செமீ உயரம். அதில் ஒரு முகம் நம் முகத்தின் அளவிலேயே இருக்கும். அந்த நெருக்கத்தைச் சுவரில் பெரிதாக்கினால் இழந்துவிடுவோம். விளக்கு எரியும் கூடத்திலும் கறுப்பு ஓரளவு கறுப்பாகவே இருக்கும் என்பது பெரிய நன்மை. ஓவியமும் வீடியோவும் ஒரே கூடத்தில் இருக்கிற காட்சிகளில் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் கடையிலிருந்து வந்த டிவி வீட்டுக்காகச் செய்தது. அதைக் கேலரிக்குப் பழக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். இல்லாவிட்டால் நொடிக்கு 24 அல்லது 25 பிரேமில் எடுத்த படம் மெகா சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடும். நிறங்களைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடை மாற்றுங்கள். படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணையும் மின்சேமிப்பு அமைப்பையும், வைஃபையையும் துண்டியுங்கள். மதியம் 3 மணிக்குக் கடல் காட்சியின் குறுக்கே மென்பொருள் அப்டேட் அறிவிப்பு வந்து நிற்பதை எந்தக் கலைஞரும் பார்க்க நேரக் கூடாது.

பென்டிரைவைச் செருகி லூப் போடுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். படம் முடியும், திரை ஒரு நொடி கறுக்கும், கீழே கோப்பின் பெயரோடு ஒரு பட்டை எழும், '00:00' என்று காட்டும், பிறகு படம் தொடங்கும். முதலும் முடிவும் ஒட்டிக்கொள்ளும்படி நீங்கள் மெனக்கெட்டு எடிட் செய்த படைப்பு என்றால், அந்த ஒரு நொடி அதை உடைத்துவிடும். பிரைட்சைன் போன்ற தனி மீடியா பிளேயரோ, லூப் மென்பொருள் ஏற்றிய ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோ வைத்தால் இந்த இடைவெளி தெரியாது, மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். காலையில் வருகிறவர் ஸ்விட்சைப் போட்டால் போதும். இரண்டு மூன்று டிவிகள் ஒரே தாளத்தில் ஓட வேண்டுமென்றால் பென்டிரைவ் அறவே உதவாது. முதல் மணி நேரத்திலேயே ஒன்றையொன்று முந்தத் தொடங்கிவிடும். நெட்வொர்க் வழியாக ஒத்திசையும் பிளேயர்கள்தான் வேண்டும்.

பளபளப்பான திரை வேண்டாம். இருண்ட காட்சி வரும்போது பார்வையாளர் தன் முகத்தையும் பின்னாலிருக்கும் ஜன்னலையும்தான் பார்ப்பார். கடைகளில் விளம்பரம் ஓட்ட வைக்கும் வணிகத் திரைகள் பெரும்பாலும் மேட் பூச்சோடு வருகின்றன. நாளுக்கு 16 அல்லது 24 மணி நேரம் ஓடும் என்று சொல்லியே விற்கிறார்கள், செங்குத்தாகவும் மாட்டலாம். விலை கூடுதல்தான். வீட்டு டிவிக்கோ, வணிக இடத்தில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று வாரன்ட்டி அட்டையிலேயே போட்டிருப்பது வழக்கம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை கறுப்பில் சிறந்தது, ஆனால் அசையாத தலைப்போ சட்டகமோ மாதம் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தடம் பதியும் அபாயம் உண்டு.

வாங்குவதா வாடகையா என்பதைக் கணக்கு போட்டுத்தான் தீர்க்க வேண்டும். நம் ஊரில் வாடகை என்பது ஒருநாள் விசேஷத்தையும் மாநாட்டையும் மனதில் வைத்து நாள்கணக்கில் சொல்லப்படுவது. அதை 30ஆல் பெருக்கிவிட்டு, அதே டிவியின் கடை விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாதக் காட்சி என்றால் வாங்குவதே லாபமாக முடிவது சகஜம். அடுத்த காட்சிக்கும் ஆகும்.

பழைய டிவிப் பெட்டிகளைத் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குண்டு டிவியின் ஒளியும் வளைவும் வேறு எதிலும் வராது, உண்மைதான். ஆனால் உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகிறது. தென்கொரியாவின் குவாச்சன் நகரில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில், பைக் 1988இல் 1003 பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கோபுரத்தை 2018இல் பாதுகாப்புக் காரணத்தால் அணைக்க வேண்டியதாயிற்று. பழுது பார்த்து, ஒரு பகுதிப் பெட்டிகளுக்குள் தட்டைத் திரைகளை வைத்து 2022இல்தான் மறுபடி ஏற்றினார்கள். ஒரு தேசிய நிறுவனத்துக்கே இந்தப் பாடு. நீங்கள் ஒரு குண்டு டிவியைக் காட்சிக்கு வைத்தால், அதே போல் இன்னொன்றைப் பின்னறையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டிவியை எடுக்க வேண்டியவர்: வெளிச்சத்தை முழுக்க அணைக்க முடியாத கூடம், நெருங்கிப் பார்க்க வேண்டிய படைப்பு, ஹெட்போனில் தனியாகக் கேட்க வேண்டிய ஒலி, பராமரிக்க ஆளில்லாத நீண்ட காட்சி.

## எல்இடி சுவர்

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் துருக்கியில் பிறந்த கலைஞர் ரெஃபிக் அனடோல் 2022 நவம்பரில் தொடங்கிய காட்சி, 24 அடிக்கு 24 அடித் திரையில் ஓடியது. அது இருந்தது பகல் வெளிச்சம் வந்து விழுகிற நுழைவுக் கூடத்தில். அங்கே புரொஜெக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சத்தோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டிய இடத்துக்குத்தான் எல்இடி.

நம் ஊரில் கிடைக்கும் எல்இடி பெரும்பாலும் கல்யாண மேடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போய்வருவது. சதுர அடிக் கணக்கில் வாடகை, ட்ரஸ் (தாங்கும் கம்பிச் சட்டம்) கட்ட ஆட்கள், கூடவே ஒரு ஆபரேட்டர். அந்த உலகத்தின் தேவையும் கேலரியின் தேவையும் நேரெதிர். அவர்களுக்கு 50 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் பார்வையாளர் 6 அடியில் நிற்பார்.

இங்கே பிட்ச் என்ற எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். பி 3.91 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 3.91 மில்லிமீட்டர் இடைவெளி. அரை மீட்டர் பெட்டியில் 128 புள்ளிகள். 3 மீட்டர் அகலச் சுவருக்கு 768 புள்ளிகள்தான். நீங்கள் 1920 புள்ளி அகலத்தில் எடுத்த படத்தை அதில் போட்டால் பாதிக்கு மேல் காணாமல் போகும். பி 2.5 என்றால் 3 மீட்டரில் 1200 புள்ளிகள். முழு ஹெச்டி படம் அப்படியே வர வேண்டுமென்றால் அதிலும் 4.8 மீட்டர் அகலம் வேண்டும். பிட்ச் எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. மென்மையான சரும நிறங்களும் நுண்ணிய இழைகளும் உள்ள படத்துக்கு அதைவிடத் தள்ளி நிற்பதே நல்லது. உங்கள் கூடத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா?

அரை மீட்டர் பெட்டிகளை 6க்கு 3 என்று அடுக்கினால் வருவது 2:1 விகிதம், 16:9 அல்ல. மேலும் கீழும் வெட்டுவதா, ஓரத்தில் கறுப்பு விடுவதா என்பதை எடிட் மேஜையிலேயே முடிவு செய்து, அந்தப் புள்ளிக் கணக்குக்கே படத்தை மறுபடி ரெண்டர் செய்துகொண்டு போங்கள். ஆபரேட்டரிடம் விட்டால் திரை நிறைய வேண்டும் என்று படத்தை இழுத்து நிரப்பிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, மேடையில் அதுதான் அவர் வேலை.

வெளிச்சம்தான் இன்னொரு பொறி. உள்ளரங்க எல்இடி சுலபமாக 600 நிட்ஸுக்கு (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) மேல் போகும். தியேட்டர் திரையின் வெள்ளைக்கு 48 நிட்ஸ்தான் தரம். கேலரியில் அதைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். குறைக்கும்போது மலிவான பலகைகளில் இருண்ட நிறங்கள் படிப்படியாக இறங்காமல் பட்டை பட்டையாக உடையும். வாடகைக்குப் பேசும்போது எல்இடி கொடுப்பவர் பெருமையாக, "சார், எவ்ளோ பிரைட் வேணும்னாலும் ஏத்திக்கலாம்" என்பார். "ஏத்த வேணாம்ணே, பத்து சதவீதத்துக்கு இறக்கி, என் படத்துல இருட்டான ஒரு இடத்தைப் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு சோதனையிலேயே எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

எடையையும் மின்சாரத்தையும் கேலரியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அரை மீட்டர் பெட்டி ஒன்று 7, 8 கிலோ. பதினெட்டுப் பெட்டிகளும் கம்பிச் சட்டமும் சேர்ந்தால் மொசைக் தரைக்கும் பழைய மரத்தளத்துக்கும் பாரம்தான். புரொஜெக்டர் எடுக்கும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும், சாதாரண பிளக் பாயின்ட் தாங்காது. வெப்பமும் வரும். ஏசியைக் கூட்டினால் அதன் சத்தம் உங்கள் ஒலிப்பதிவில் சேரும். மாதம் முழுக்க வாடகை, ஆபரேட்டர் பேட்டா, நடுவில் செத்துப்போகும் பலகைகளுக்கு மாற்று என்று கூட்டினால், மூன்றில் இதுதான் எப்போதும் அதிகம்.

எல்இடியை எடுக்க வேண்டியவர்: பகல் வெளிச்சத்தை மறைக்கவே முடியாத இடம், தள்ளி நின்று பார்க்கும் பெரிய கூடம், ஒளியும் நிறமுமே பொருளாக இருக்கும் படைப்பு. ஓரிரு நாள் காட்சி என்றால் செலவும் தாங்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புரொஜெக்டர் | டிவித் திரை | எல்இடி சுவர் |
|---|---|---|---|
| தேவையான இருட்டு | ஏறக்குறைய முழுமை | குறைவு போதும் | தேவையில்லை |
| படத்தின் அளவு | விருப்பம்போல் | 55 முதல் 85 அங்குலம் வரை சுலபம் | பெரிது மட்டுமே பொருந்தும் |
| பார்க்கும் தூரம் | நடுத்தரம் | மிக அருகில் | தள்ளி |
| கறுப்பு | அறையைப் பொறுத்தது | நன்று. ஓஎல்இடியில் மிக நன்று | நன்று. வெளிச்சத்தைக் குறைத்தால் பட்டை விழலாம் |
| தினசரிப் பராமரிப்பு | நடுத்தரம் | மிகக் குறைவு | ஆபரேட்டர் தேவை |
| பெரிய மறைசெலவு | இருட்டறை, சுவர் | மீடியா பிளேயர் | மின்சாரம், ட்ரஸ், ஆள் |
| ஒரு மாதக் காட்சிக்கு | வாடகை பேசலாம் | வாங்குவது நல்லது | பெரும்பாலும் கட்டுப்படியாகாது |

## பின்னாலிருந்து வீசினால்?

அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா 1996இல் கூடத்தின் நடுவே தொங்கும் இரட்டைப் பக்கத் திரையில், ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் நீரும் ஒரு மனிதனை விழுங்கும்படி வீசினார். பார்வையாளர்கள் திரையைச் சுற்றி வந்தார்கள். தொங்கும் திரை, ஒளி ஊடுருவும் துணி, பின்னாலிருந்து வீசுவது என்பவை புரொஜெக்டர் தரும் கூடுதல் சுதந்திரங்கள். பின்னாலிருந்து வீசினால் நிழல் விழாது. ஆனால் திரைக்குப் பின்னால் முன்னால் இருக்கும் அளவு இடம் வேண்டும், கூடம் பாதியாகிவிடும். மெல்லிய துணியில் புரொஜெக்டரின் லென்ஸ் பிரகாசமான புள்ளியாகத் தெரியும். பார்வையாளரின் கண்ணும் லென்ஸும் நேர்கோட்டில் வராதபடி உயரத்திலிருந்து சாய்த்து வைத்தால் இது குறையும். கொச்சி பினாலே கலைவிழாவில் பயன்பட்ட ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய கிடங்குகளில் இது அழகாக அமையும். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளக் கேலரியில் கஷ்டம்.

## நான் சொல்வது: கலந்து வையுங்கள்

நடுத்தரமான கேலரி, ஒரு மாதக் காட்சி, நான்கைந்து படைப்புகள். இந்த நிலையில் யாராவது கேட்டால் ஒரு படைப்புக்கு மட்டும் முழு இருட்டறை கட்டி, நல்ல புரொஜெக்டர் வையுங்கள் என்பேன். எந்தப் படைப்பு பெரிய அளவில்லாமல் உயிர் வாழாதோ அதற்கே அந்த அறை. மற்றவற்றை மேட் டிவிகளில், நல்ல பிளேயரோடு, ஹெட்போனோடு, உட்கார ஒரு பெஞ்சோடு வையுங்கள். நாலு படைப்புக்கும் நாலு புரொஜெக்டர் என்று பணத்தைப் பிரித்தால் நான்கும் அரை இருட்டில் வெளிறி நிற்கும், நான்கின் ஒலியும் ஒன்றோடொன்று மோதும். இருட்டறையை உள்ளே கடைசியில் வைத்து, நுழைவை நேர்க்கதவாக இல்லாமல் ஒரு வளைவுப் பாதையாக அமையுங்கள். துணியை விலக்கிக்கொண்டு யாராவது உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் படம் வெளுக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. கண் இருட்டுக்குப் பழகவும் அந்தப் பாதை நேரம் கொடுக்கும்.

ஒலியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இருட்டறைக்குள் தரைக்குக் கம்பளமும் சுவருக்குக் கனத்த துணியும் போட்டால் அதுவே எதிரொலியை அடக்கும், வெளிச்சத்தையும் விழுங்கும். இரண்டு வேலை, ஒரே செலவு. டிவியின் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள், அது சுவரைப் பார்த்துத்தான் பேசும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காட்சி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று கேலரி சொல்லும். அது மாறி ஓடுவதற்குள் இருக்கும் சில நொடிகளில் எல்லாக் கருவிகளும் அணைந்துவிடும்.

ஒப்பந்தம் எழுதும்போது இவற்றைச் சேருங்கள்: கூடம் எத்தனை நாள் முன்னதாகக் கைக்கு வரும் (இருட்டறை கட்ட, வண்ணம் காய, படத்தைச் சரிபார்க்க மூன்று நாளாவது தேவை), மின்கட்டணம் யார் பொறுப்பு, சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார், பழுதான கருவிக்கு எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வரும், வாடகைக் கருவிக்குக் காப்பீடு யார் எடுப்பது. மீடியா பிளேயரின் மெமரி கார்டில் இன்னொரு பிரதி எடுத்து, ஆன் செய்யும் முறையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, இரண்டையும் ஒரு உறையில் போட்டு, காலையில் கூடத்தைத் திறக்கிறவரிடம் கொடுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவரையே எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.